மில் சங்கு ஊதியதும் ஓடும் பெண்கள்: யார் இந்தச் சிற்பி ராம்கிங்கர் பைஜ்?

சென்னிமலை பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணி வாக்கில் நின்று பார்த்தால், பெருந்துறை சிப்காட் பக்கமும் திருப்பூர் பக்கமும் போகிற கம்பெனி வேன்களைப் பிடிக்கப் பெண்கள் ஓட்டமும் நடையுமாக வருவது தெரியும். தலை இன்னும் காய்ந்திருக்காது. ஒரு கையில் சோத்துப் பை, இன்னொரு கை துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்து கொண்டிருக்கும். டிரைவர் ஒரு ஹாரன் அடித்தால் நடை ஓட்டமாகிவிடும்.

உங்கள் அம்மிச்சியைக் கேட்டால் ஹாரனுக்கு முந்தைய கதையைச் சொல்வார். கோவை வட்டாரத்தில் அப்போது நேரம் சொன்னது மில் சங்குதான். சங்கு ஊதினால் அடுப்பு, குழந்தை, குளியல் எல்லாம் பாதியில் நிற்கும். கேட் சாத்துவதற்குள் உள்ளே போயாக வேண்டும்.

இந்த ஓட்டத்தையெல்லாம் யாராவது சிலையாக வைப்பார்களா? அரசர், தலைவர், தெய்வம் என்று சிலை வைத்துப் பழகிய நாட்டில், வேலைக்கு லேட்டாகிவிட்டது என்று ஓடுகிற பெண்ணுக்கு எதற்குச் சிலை?

ஒருவர் வைத்தார். 1956-ல், மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில், ஆளுயரத்துக்கும் மேலே, சிமென்டில். சிலையின் வங்காளப் பெயருக்கு 'ஆலையின் புல்லாங்குழல்' என்று பொருள். நாம் சங்கு என்கிறோம், அவர்கள் குழல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'மில் கால்'. செய்தவர் ராம்கிங்கர் பைஜ். இந்திய நவீனச் சிற்பக்கலையின் முன்னோடி என்று கலை உலகம் அவரைச் சொல்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வேலை செய்கிற, நடக்கிற, ஓடுகிற, கனமான, நிறைந்த உடம்புகளை வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நிறுத்தி வைத்தார்.

சவரத் தொழிலாளி வீட்டுப் பையன்

ராம்கிங்கர் பிறந்தது 1906-ல், வங்காளத்தின் பாங்குராவில். சுடுமண் குதிரைக்குப் பெயர்போன ஊர். குடும்பத்தின் தொழில் சவரம். பரமாணிக் என்ற குடும்பப் பெயரை அவர் பிற்பாடு விட்டுவிட்டு பைஜ் என்று வைத்துக்கொண்டார். வசதி கிடையாது. ஆனால் பாடம் அக்கம்பக்கத்திலேயே இருந்தது. பூஜைக் காலத்தில் சாமி பொம்மை செய்பவர்களின் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மூங்கில், வைக்கோல், களிமண் சேர்ந்து ஒரு உடம்பு எப்படி எழும்புகிறது என்பதை அங்கேதான் பார்த்தார். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து கொஞ்சம் காசும் பார்த்தார்.

ஒத்துழையாமை இயக்கம் சூடாக இருந்த நேரத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் படங்களை வரைந்து கொடுத்தார். இங்கே ஒரு வயதுக் கணக்கைச் சொல்ல வேண்டும். சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த கொடி காத்த குமரனுக்கும் ராம்கிங்கருக்கும் இரண்டே வருடம்தான் வித்தியாசம். இருவருமே பெரிய படிப்பு இல்லாத, கைத்தொழில் வீட்டுப் பிள்ளைகள். இருவரையும் ஊருக்கு வெளியே இழுத்தது அதே அலைதான். குமரன் 1932-ல் திருப்பூரில் தடியடியில் உயிரை விட்டார். ராம்கிங்கரின் கதை வேறு பக்கம் திரும்பியது.

திருப்பியவர் ராமானந்த சட்டர்ஜி. 'பிரபாசி', 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகைகளின் ஆசிரியர், அவரும் பாங்குராக்காரர். பையனின் கையைப் பார்த்துவிட்டு, 1925-ல் ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அங்கே கலா பவனத்தை நடத்தி வந்தவர் நந்தலால் போஸ். பத்தொன்பது வயதில் உள்ளே போன ராம்கிங்கர், மாணவராக இருந்து ஆசிரியராகி, சிற்பத் துறைக்கே தலைவராகி, 1971-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

கலா பவனத்தில் அப்போது ஓவியம்தான் ராஜா. சிற்பம் கற்றுக்கொடுக்கப் பெரிய ஏற்பாடு இல்லை. லிசா ஃபான் பாட், மார்கரெட் மில்வார்ட் என்று ஐரோப்பாவிலிருந்து வந்துபோன இரண்டு பெண் சிற்பிகளிடம் கொஞ்ச காலம் நுட்பம் கற்றார். மற்றதெல்லாம் தானாகவே செய்து பார்த்ததுதான்.

சிமென்ட் ஏன்?

சிலை என்றால் வெண்கலம், இல்லையென்றால் பளிங்கு, கருங்கல். மூன்றுக்கும் பணம் வேண்டும். ராம்கிங்கரிடம் அது இல்லை, கலா பவனத்திடமும் இல்லை. இருந்தது காலடியில் கிடந்த சிவப்புச் சரளைக்கல். சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள மண் முழுக்கச் செம்மண், சரளை. அதைச் சிமென்டோடு கலந்தார்.

வேலை நடந்த விதம் கொத்தனார் வேலையைத்தான் நினைவுபடுத்தும். முதலில் கம்பியால் ஒரு எலும்புக்கூடு கட்டுவார். சரளைக் கலவையைக் கை நிறைய அள்ளி அதன்மேல் வீசி அப்புவார். கலவை இறுகுவதற்குள் வழிப்பது, குடைவது, செதுக்குவது எல்லாம் முடிந்தாக வேண்டும். யோசித்து யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. மேற்பரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கவும் மாட்டார். சரளை அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் சொரசொரப்பு, தள்ளி நின்று பார்த்தால் தோல். மண்ணிலிருந்தே அந்த ஆட்கள் எழுந்து நடந்து வந்த மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். காசு இல்லாததால் வந்த முறை, கடைசியில் அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டது.

ஆனால் முதல் பெரிய சிலை பருமனானது அல்ல. நேர்மாறு. 1935-ல் செய்த 'சுஜாதா', யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் அதே மரம் போல ஒல்லியாக, நெட்டையாக நிற்கும் பெண். ஜயா அப்பாசாமி என்ற மாணவியை மனதில் வைத்துச் செய்தது. சென்னையில் பிறந்த இவர் பிற்காலத்தில் ஓவியராகவும் கலை வரலாற்றாசிரியராகவும் பெயர் பெற்றார். நந்தலால் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு, தலைமேல் ஒரு பால் பாத்திரத்தை வைக்கச் சொன்னார். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்ட புத்தருக்குப் பால்சோறு கொடுத்து உடம்பைத் தேற்றிய சுஜாதா ஆகிவிட்டாள் அந்த மாணவி.

தாகூர் அந்தச் சிலையைப் பார்த்த பிறகு சிற்பியைக் கூப்பிட்டனுப்பினார், திட்டத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரோ வளாகம் முழுக்கச் சிலைகளால் நிரப்பு என்று சொல்லி அனுப்பினார் என்று ஒரு கதை சாந்திநிகேதனில் இன்றும் உலவுகிறது. கதையின் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறும். நடந்தது என்னவோ அதுதான்: நிரப்பினார்.

தோளில் காவடி, பின்னால் நாய்

1938-ல் வந்தது 'சந்தால் குடும்பம்'. இந்தியாவின் முதல் நவீனப் பொதுவெளிச் சிற்பம் என்று பாடப்புத்தகங்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பம் இடம் பெயர்கிறது. ஆண் தோளில் ஒரு கம்பு, இரண்டு முனையிலும் கூடை. தைப்பூசத்தில் சென்னிமலைப் படியேறும் காவடியைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோள் கணக்கு சட்டென்று பிடிபடும். எடை இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் நடக்க முடியும். கூடையில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. குடும்பத்தின் மொத்தச் சொத்தும் அவர்கள் சுமந்து போகிற அந்தக் கொஞ்சம் சாமான்தான். பக்கத்தில் மனைவி. கூடவே நாய்.

முக்கியமான விஷயம் பீடம். அதாவது, பீடம் கிட்டத்தட்ட இல்லாதது. தலைவர் சிலைகளை அண்ணாந்து பார்க்கிறோம். இந்தக் குடும்பம் தாழ்வான மேடையில், ஆளுயரத்துக்கும் சற்றுப் பெரிதாக, நாம் நடக்கிற தரையிலேயே நடந்து வருகிறது. சுற்றி வரலாம். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு கால் முன்னே இருக்கும்.

சந்தால்கள் அந்த வட்டாரத்தில் கூலி வேலைக்கு வந்து குடியேறியவர்கள். சாந்திநிகேதனின் படித்த, பாடல் பாடுகிற, மென்மையான உலகத்துக்குக் கட்டடம் கட்டியதும் வயல் பார்த்ததும் அவர்களுடைய கைகள். அழகான பின்னணி என்று சந்தால்களை வரைந்தவர்கள் அங்கே வேறு சிலரும் உண்டு. ராம்கிங்கர் அவர்களைக் கொண்டுவந்து வளாகத்தின் நடுவில் நிறுத்தினார். அவர் பிறந்த வீட்டையும் சாதியையும் யோசித்தால், அவர் யார் பக்கம் நின்று பார்த்தார் என்பது புரியும்.

ஓட்டத்தை எப்படிச் சிமென்டில் பிடிப்பது?

'மில் கால்' சிலைக்கு வருவோம். போல்பூர் சுற்றுவட்டாரம் அரிசி ஆலைகள் நிறைந்தது. குளித்த ஈரம் போகவில்லை, அதற்குள் ஆலைச் சங்கு ஊதிவிட்டது. இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். ஈரச் சேலையைக் காற்றில் பறக்கவிட்டு, ஓடிக்கொண்டே காயவைக்கிறார்கள்! கூடவே ஒரு சிறுவன்.

பெண்களுடைய தொடை, தோள், இடுப்பு எல்லாமே கனம். பாறை மாதிரி. ஆனால் அந்தக் கனம் கீழே இழுக்கவில்லை, முன்னே தள்ளுகிறது. பறக்கும் துணி அங்கே வெறும் அலங்காரம் இல்லை. அது இரண்டு உருவங்களையும் ஒன்றாகக் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. சிமென்டுக்குக் காற்றின் வேகம் வந்தது அப்படித்தான்.

சிலையில் சோகம் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்தப் பெண்கள் சுரண்டப்படுகிறார்கள் என்பது ராம்கிங்கருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் செய்த பெண்கள் பரிதாபத்துக்காக நிற்கவில்லை. திருவிழாவுக்கு ஓடுகிற மாதிரி ஒரு குஷி அந்த உடம்புகளில் இருக்கிறது. ஆலை முதலாளிக்கு விற்றது நேரத்தை மட்டும்தான், உடம்பின் சந்தோஷத்தை அல்ல என்பது போல.

மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையை இதோடு ஒப்பிடலாம். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரியும் வங்காளிதான். சென்னை ஓவியப் பள்ளிக்குப் பல வருடம் முதல்வராக இருந்தவர். சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில், 'மில் கால்' வந்து மூன்று வருடம் கழித்து. அதில் நான்கு ஆண்கள் பாறையை நெம்புகிறார்கள். தசை முறுக்கு, வெண்கலம், உயரமான பீடம். உழைப்பு அங்கே வீரம். ராம்கிங்கரிடம் உழைப்பு என்பது பெண்களும் குழந்தையும் ஈரத்துணியும். இரண்டில் எது மேல் என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை. ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு எந்தச் சிலை தன்னுடையது என்று தோன்றும்?

ஏன் இந்த நிறைந்த உடம்பு?

இன்றைக்கு இதைப் பார்க்கிறவர்கள் 'பாடி பாசிட்டிவிட்டி' என்று ஒரு ஹேஷ்டேக் போட்டுவிடலாம். அந்தச் சட்டை இவருக்குக் கொஞ்சம் சின்னது.

வருடத்தைப் பாருங்கள். அறுவடைப் பெண்ணை அவர் செய்தது 1943-ல். அது வங்காளப் பஞ்சத்தின் வருடம். சுமார் 30 லட்சம் பேர் செத்த பஞ்சம். அந்தக் காலத்தில் அந்த மண்ணில் நின்றுகொண்டு நெல்லையும் நிறைந்த உடம்பையும் செய்வது, உடம்பைப் பற்றிய ரசனை மட்டுமல்ல. சாப்பாடு யாருக்குக் கிடைக்கிறது என்கிற கேள்வியும்தான்.

இன்னொன்று, பருமனும் ஆட்டமும் சேர்ந்து இருப்பது இந்தியச் சிற்பத்துக்குப் புதிதே அல்ல. நம்மூர்ப் பழைய சிவன் கோயில்களில் மேல்வரிசையை நிமிர்ந்து பாருங்கள். தொப்பையும் தொந்தியுமாகப் பூதகணங்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். ஒன்று மத்தளம் அடிக்கும், ஒன்று பல்லைக் காட்டும், ஒன்று அடுத்ததன் காலை வாரும். அவற்றைப் பார்த்து யாரும் டயட் ஆலோசனை சொல்வதில்லை. பேரூர் கனகசபையின் தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் ஆடும் உருவங்களிலும் உடம்பு முழுசாக இருக்கிறது, அசைவும் முழுசாக இருக்கிறது. ஒல்லியாக இருந்தால்தான் துள்ள முடியும் என்பது நம் சிற்பிகளுக்குத் தெரியாத விதி.

ஐரோப்பாவில் இதே குஷி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1965-ல் பாரிஸில் நிக்கி டி செயின்ட் ஃபால் என்ற பெண் சிற்பி 'நானா' வரிசையைக் காட்சிக்கு வைத்தார். பெரிய மார்பு, பெரிய இடுப்பு, பளிச்சென்ற வண்ணங்கள். ஆடுகிற, குதிக்கிற பெண்கள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். அவை உலகப் புகழ் பெற்றன. அதற்கு 9 வருடம் முன்பே போல்பூர்ப் பக்கத்தில் இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ரிசர்வ் வங்கி வாசலில் ஒரு சர்ச்சை

சாந்திநிகேதனுக்குள் இருந்தவரை பெரிய வம்பு வரவில்லை. டெல்லிக்குப் போனபோது வந்தது.

1950-களின் நடுவில், டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் முகப்புக்குச் சிலைகள் வேண்டும் என்று முடிவானது. பொதுக் கட்டடங்களில் இந்தியக் கலைஞர்களுக்கு இடம் தர வேண்டும் என்று நேரு அரசு நினைத்த காலம். ஒரு யக்ஷன், ஒரு யக்ஷி. செல்வத்தின் அதிபதி குபேரன் யக்ஷர்களின் அரசன் என்பதால் வங்கிக்குப் பொருத்தம்தான். வேலை ராம்கிங்கரிடம் வந்தது.

அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டது பழைய இந்தியாவை. யக்ஷனுக்கு மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள பர்காம் யக்ஷன், யக்ஷிக்குக் கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ள பேஸ்நகர் யக்ஷி. இரண்டுமே இரண்டாயிரம் வருடப் பழக்கம் உள்ள உடம்புகள். அகன்ற இடுப்பு, நிறைந்த மார்பு, தரையில் ஊன்றிய கால். யக்ஷன் கையில் பணப்பையும் பல்சக்கரமும் வந்தன, யக்ஷி கையில் கதிரும் பூவும். தொழிலும் விவசாயமும்.

இந்த முறை சிமென்ட் இல்லை, கல். சரியான கல்லைத் தேடி இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் பைஜ்நாத் வரை போக வேண்டியிருந்தது. கல் தேடவும், வெட்டவும், கொண்டுவரவும், செதுக்கவும் வருடங்கள் ஓடின. ஒருவழியாக 1967-ல்தான் வேலை முடிந்தது. சுமார் 24 அடி உயரம்.

யக்ஷிக்கு ஆடை இல்லை. அதுதான் பிரச்சினை. நாட்டின் மத்திய வங்கி வாசலில் உடையில்லாத பெண்ணா என்று மாநிலங்களவை வரை கேள்வி போனது. அருங்காட்சியகத்துக்குள் டிக்கெட் வாங்கிப் பார்த்தால் பாரம்பரியம், ரோட்டோரம் நின்றால் ஆபாசம். இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை என்பது வேறு விஷயம். நல்லவேளையாக யாரும் சிலையை எடுக்கவில்லை. யக்ஷி அங்கேயேதான் நிற்கிறாள், கண்ணெதிரே தலைநகரத்தின் டிராஃபிக்.

ஒழுகும் கூரை

ராம்கிங்கரின் சொந்த வாழ்க்கையும் சாந்திநிகேதனின் பெரிய மனிதர்களுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. மது குடிப்பார். ராத்திரியில் தொண்டை திறந்து பாடுவார். நாடகம் போடுவார். ராதாராணி என்ற பெண்ணோடு கல்யாணம் செய்துகொள்ளாமலே கடைசிவரை வாழ்ந்தார். அவருடைய பல வேலைகளுக்கு மாதிரியாக இருந்தவரும் ராதாராணிதான். படித்த குடும்பத்துப் பெண் அல்ல, வீட்டு வேலை செய்தவர். அந்தக் காலத்தில், அந்த வளாகத்தில் இதற்கு என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். அவர் கண்டுகொள்ளவில்லை.

பணம் சேர்க்கத் தெரியாத மனிதர். வரைந்ததைச் சுருட்டி மூலையில் போடுவார், கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார். 1970-ல் பத்ம பூஷண் வந்தது. 1976-ல் விஸ்வபாரதி தன் உயரிய 'தேசிகோத்தம' பட்டத்தைக் கொடுத்தது. இவற்றால் வீட்டுக் கூரை மாறவில்லை. இயக்குநர் ரித்விக் கட்டக் 1975-ல் அவரை வைத்து ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதில் ராம்கிங்கர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொல்கிறார்: ஓலைக்கூரை ஒழுகும் இடத்தில் தன் ஓவியங்களையே கட்டி வைத்திருக்கிறாராம். எண்ணெய் வண்ணத்தில் தண்ணீர் இறங்காதே! இன்றைக்கு ஏலத்தில் பெரும் தொகைக்குப் போகக்கூடிய ஓவியங்கள் அவை. படம் முடிவதற்குள், 1976 பிப்ரவரியில் கட்டக் இறந்துவிட்டார். படம் முடியாமலே நின்றது.

ராம்கிங்கர் 1980 ஆகஸ்ட் 2-ம் தேதி கொல்கத்தா மருத்துவமனையில் காலமானார். வயது 74. சமரேஷ் பாசு அவர் வாழ்க்கையை நாவலாக எழுதத் தொடங்கினார். அதுவும் பாதியில் நின்றுபோனது. அவரிடம் படித்த கேரளச் சிற்பி கே.எஸ்.ராதாகிருஷ்ணன், 2012-ல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் குருவின் படைப்புகளைத் திரட்டி ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார்.

எங்கே பார்க்கலாம்?

திறந்தவெளிச் சிமென்டுக்கு ஆயுள் பிரச்சினை உண்டு. உள்ளே இருக்கும் கம்பி ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், துரு வீங்கினால் மேலே உள்ள கலவை வெடிக்கும். அதனால் 'சந்தால் குடும்பம்' இப்போது ஒரு கூரைக்குக் கீழே நிற்கிறது. 2023-ல் சாந்திநிகேதன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கொல்கத்தா ஹவுராவிலிருந்து போல்பூர் சாந்திநிகேதன் ஸ்டேஷன் ரயிலில் சுமார் 150 கிலோமீட்டர். கலா பவனம் அங்கிருந்து ஒரு டோட்டோ சவாரிதான். புதன்கிழமை விஸ்வபாரதிக்கு வார விடுமுறை என்பதால் வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'சுஜாதா'வை மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். 'மில் கால்' பெண்களைத் தேட வேண்டாம். காலை நேரத்தில் போனால், அவர்களைத் தாண்டி மாணவிகள் சைக்கிளில் கிளாஸுக்கு விரைவதையும் பார்க்கலாம்.